அம்மணிக்கு எழுதிய இசை

புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்
19 ஜனவரி 2025

அன்பு அக்கா ஈவாவுக்கு,

தம்பி ரோனி எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அம்மாவின் முட்டிவலி எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படிக்கட்டைப் பார்த்தால் வரும், தேக்காவில் சேலைக்கடை மாடி ஏறும்போது வராது. நீயும் உன்னோடு துறவறப் பயிற்சியில் இருக்கும் மற்ற நவகன்னியரும் நலமா? இதை உனக்கு முன்னால் படிக்கப்போகும் சிஸ்டர் அன்னம்மாவுக்கும் என் வணக்கம். சிஸ்டர், கையெழுத்தை மன்னிக்க வேண்டும். பள்ளித் தேர்வுக்குப் பிறகு தமிழில் பேனா பிடிப்பது இப்போதுதான்.

மடத்தில் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ கிளம்பும்போதே சொன்னாய். அம்மா என் தலைமேலேயே நிற்கிறார். "எங்க சித்தி மடத்துல இருந்தப்போ மதர் படிக்காம ஒரு கடுதாசி உள்ள போனதில்ல. பாத்து எழுதுடா" என்கிறார். ஆகவே பார்த்து எழுதுகிறேன்.

ஜூரோங் வேலை அப்படியே போகிறது. மற்ற நேரமெல்லாம் நண்பன் ரிஸ்வானோடு அந்த 'மோட்' வேலைதான். சிஸ்டருக்காகச் சொல்கிறேன்: பழைய கணினி விளையாட்டு ஒன்றை எடுத்து, அதன் ரசிகர்களே புதுக் கதையும் புது ஊரும் சேர்த்து எல்லோருக்கும் சும்மா கொடுப்பது. ரிஸ்வான் ஊரைக் கட்டுகிறான், நான் இசை அமைக்கிறேன். கணினிக்குள்ளேயே முழு வாத்தியக் குழுவும் இருக்கிறது. கதையில் கடலில் மூழ்கிய துறைமுகத்துக்கு ஒரு ராணி வருகிறாள். அவள் உண்மையில் என்ன பிறவி என்று மடத்துக்கு எழுதுவது மரியாதையாக இருக்காது. 'அம்மணி' என்று வைத்துக்கொள்.

அம்மணிக்கு இருட்டான இசை வேண்டும். எனக்கு வரவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு மெட்டையும் நீ கேட்டுத் திட்டிய பிறகுதான் அது மெட்டானது. நீ போனதிலிருந்து திட்ட ஆளில்லை.

டிசம்பர் எட்டாம் தேதி நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகப்போவதை அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ அங்கே சந்தோஷமாக இருந்தால் எனக்கு அது போதும். இருக்கிறாயா?

உன் தம்பி,
ரோனி


நவகன்னியர் இல்லம், கொடைரோடு
16 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ரோனி,

உன் கடிதம் உறையின் மூலை கத்தரிக்கப்பட்டு வந்து சேர்ந்தது. இங்கே எல்லாக் கடிதமும் அப்படித்தான் வரும். நாங்கள் எழுதுவதையும் ஒட்டாமல் சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். அம்மா சொன்னது சரிதான். நாம் இருவரும் நல்ல பிள்ளைகளாக எழுதுவோம்.

நான் நலம். காலையில் செபம், பிறகு திராட்சைத் தோட்டம், பிறகு வகுப்பு. சாம்பாரில் உப்பு போடும் முறை என்னுடையது, அதனால் பலர் எனக்காகச் செபிக்கிறார்கள். அம்மாவின் முட்டிக்குத் தைலம் அனுப்புகிறேன், சேலைக்கடைக்குப் போகும் நாளிலும் தடவச் சொல்.

அம்மணியின் இசையை நோட்டேஷனாக எழுதி அனுப்பு. சிற்றாலயத்தில் கால் ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு மதியம் அரை மணி நேரம் வாசிக்க சிஸ்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரு கட்டை அழுத்தினால் எழுந்திருக்காது, சமாளித்துக்கொள்கிறேன். ஆனால் திட்டுவேன். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது.

அப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா,
ஈவா


புக்கிட் பாஞ்சாங்
9 மார்ச் 2025

அன்பு அக்கா,

இங்கே எல்லோரும் சுகம், சிஸ்டர் அன்னம்மாவுக்கு வணக்கம், தைலம் கிடைத்தது. நோட்டேஷனும் இதோடு இருக்கிறது.

ரிஸ்வான் இதைக் கேட்டுவிட்டு, "மச்சான், சத்தம் நெறைய இருக்கு லா. பயம்தான் வரல" என்றான். மூன்று வருடமாக வேலை பார்க்கிறோம், தீபாவளிக்குப் பிறகு வெளியிடுவதாக எல்லோருக்கும் வாக்கும் கொடுத்தாயிற்று. கடைசிக் காட்சிக்கு இசை இல்லையென்றால் மானம் போகும்.

வீட்டில் பயந்தவர் ஒருவர்தான். ஒரு மதியம் அம்மா வேளாங்கண்ணித் தீர்த்தப் பாட்டிலோடு அறைக்குள் வந்தார். "என்னடா இது, வீட்டுக்குள்ள எழவு விழுந்த மாதிரி?" என்று கேட்டபடியே ஸ்பீக்கர்மேல் சிலுவை போட்டுத் தெளித்தார். இடது ஸ்பீக்கர் அன்றோடு காலி. அம்மா, "பாத்தியா, எதுவோ இருந்திருக்கு" என்று திருப்தியாகப் போய்விட்டார். இப்போது ஹெட்போனில் வேலை பார்க்கிறேன்.

திட்டு. காத்திருக்கிறேன்.

ரோனி


கொடைரோடு
27 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். நலம், நலமறிய ஆவல். இனி திட்டு.

உன் அம்மணிக்குக் கோபத்தைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. முதல் வரியிலேயே ட்ராம்போன், முரசு, கோரஸ் எல்லாவற்றையும் அவிழ்த்து விட்டுவிட்டால் பிறகு அவள் என்னதான் செய்வாள்? கத்துகிறவளைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள், காதைப் பொத்திக்கொள்வார்கள். மூழ்கிய ஊரில் தனியாக இருப்பவள் எதையோ இழந்தவள். முரசை எடுத்து விடு. ஆழமாக முனகும் பெரிய வயலின்கள், இரண்டு டபுள் பேஸ் மட்டும் வை. ஒன்று இறங்கட்டும், மற்றது இறங்கலாமா என்று யோசிக்கட்டும். நடுவில் எட்டு பார் இசை நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

ஒன்று நடந்துவிட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் நான் இதை வாசிப்பதைக் கேட்டு மற்ற பெண்களுக்கு மெட்டு ஒட்டிக்கொண்டது. வெங்காயம் உரிக்கும்போதும் துணி அலசும்போதும் இதே முனகல்தான். பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்ய, ஆண்டவரின் பாதத்தை முத்தமிட, ஊரே வரிசையில் நிற்கிறது, எங்களுக்குப் பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒருத்தி என் இடுப்பில் கிள்ளி, "அந்த ரோனி பாட்டப் போடுக்கா" என்றாள். போட்டேன். எல்லோரும் வாய்மூடி முனகினார்கள். வழிபாடு முடிந்து சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ரொம்ப உருக்கமா இருந்துச்சு, எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார். சிங்கப்பூர்ப் பாட்டு என்றேன்.

இன்னும் எழுதத் தோன்றுகிறது. மணி அடித்துவிட்டது.

ஈவா


புக்கிட் பாஞ்சாங்
18 மே 2025

என் அருமை அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்பதை இதோடு முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் சிரித்து வயிறு வலிக்கிறது. எல்.ஆர்.டி.யில் நின்றபடி உன் கடிதத்தைப் படித்தேன். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார். அம்மணியின் பாட்டுக்குச் சிலுவை முத்தி! சிஸ்டர் அன்னம்மா, தயவுசெய்து அக்காவைத் தண்டிக்காதீர்கள். குற்றம் முழுக்க என்னுடையது.

முரசை எடுத்துவிட்டேன். உன் எட்டு பாரையும் சேர்த்து ரிஸ்வானுக்குப் போட்டுக் காட்டினேன். "இதுல எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியும், எது இல்லன்னும் தெரியும்" என்றான். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு பெருமையாக இருந்தது.

கடைசிக் காட்சியை நீயே எழுதித் தருவாயா? விளையாடுபவன் ஜெயித்துவிட்டான், அம்மணியின் படை போய்விட்டது, மணிக்கூண்டில் அவள் மட்டும் இருக்கிறாள். தண்ணீர் ஏறுகிறது. அவ்வளவுதான். எனக்கு அங்கே சத்தியமாக ஒன்றும் கேட்கவில்லை.

ரோனி


கொடைரோடு
15 ஜூன் 2025

தம்பி,

நலம். இதோடு இருப்பதுதான் கடைசிக் காட்சி. எதையும் திருத்தாதே. பெயர் போட வேண்டாம்.

ஈவா


புக்கிட் பாஞ்சாங்
6 ஜூலை 2025

அன்பு அக்கா,

நீ அனுப்பிய பக்கங்களைக் கணினியில் ஏற்றி வாத்தியங்களுக்குக் கொடுத்தேன். ரிஸ்வான் பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காரிடாருக்குப் போய் நின்றான். "யாரு மச்சான் உங்க அக்கா? என்ன ஆச்சு அவங்களுக்கு?" என்று கேட்டான். அம்மாவிடம் ஒருமுறை போட்டுக் காட்டினேன், நான் எழுதியது என்று சொல்லி. அம்மா தீர்த்தப் பாட்டிலைத் தேடவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மணியைக் கண்டு அல்ல. இவ்வளவு இருட்டை ஒருவர் சும்மா எழுத முடியாது. உன் கடிதத்திலோ இரண்டு வரிதான்.

யார் யார் படிப்பார்கள் என்பது தெரிந்தே எழுதுவதால் கதையைப் பற்றி மட்டும் கேட்கிறேன். மணிக்கூண்டில் இருப்பவளுக்கு வெளியே வர ஆசை இருந்தால் கதவைத் திறந்து வைக்கலாம் என்று நான் நினைக்கிறேன். வந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கேயே இருப்பதுதான் அவளுக்குச் சந்தோஷம் என்றால் அதுவும் சரி. ஆனால் எது என்று அவள் சொல்ல வேண்டும். கதை எழுதுபவனுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ரோனி


புக்கிட் பாஞ்சாங்
7 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய சிஸ்டர் அன்னம்மா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். நான் ஈவாவின் தம்பி. ஒவ்வொரு கடிதத்திலும் உங்களுக்கு வணக்கம் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து உங்களுக்குப் பழகியிருக்கும்.

ஜூலையில் எழுதிய கடிதத்துக்கு அக்கா பதில் போடவில்லை. ஆகஸ்டில் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் பதில் இல்லை. நீங்கள் எங்கள் கடிதங்களைப் படித்திருப்பதால் நான் எதைக் கேட்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுதியதில் தவறு இருந்து நீங்கள் அதை அவளிடம் கொடுக்கவில்லை என்றால் என்னைத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அவள் நலமாக இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நாளை வேளாங்கண்ணி மாதா திருநாள். அம்மா கோயிலில் எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறார்.

உங்கள் மகன் போன்ற,
ரோனி லாசரஸ்


நவகன்னியர் இல்லம், கொடைரோடு
25 செப்டம்பர் 2025

அன்புள்ள ரோனிக்கு,

இறைவன் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். ஈவா நலம். நேற்றுகூட சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டாள்.

ஈவாவுக்கு வந்த உங்கள் கடிதம் எதையும் நான் படித்ததில்லை. அந்தப் பழக்கம் நான் நவகன்னியாகச் சேர்வதற்கு முன்பே எங்கள் சபையில் போய்விட்டது. உறையின் மூலையைக் கத்தரிப்பது தபால்தலைக்காக. பழைய தபால்தலைகளைச் சேர்த்து மறைபரப்புப் பணிக்கு அனுப்புகிறோம், சேகரிப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சிங்கப்பூர்த் தபால்தலைகள் மிகவும் அழகு, பறவை போட்டது இருந்தால் இனி அதையே ஒட்டுங்கள். இங்கிருந்து போகும் உறைகளை ஒட்டாமல் வாங்குவது எடை பார்க்கத்தான். பார்த்துவிட்டு நானே பசை தடவி மூடுவேன். இருபது பெண்களின் கடிதங்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் தோட்டத்தை யார் பார்ப்பது?

இப்படி நினைத்துக்கொண்டு இரண்டு பேர் இத்தனை மாதம் வாயை மூடி எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நீங்கள் இதுவரை எழுதிய வணக்கங்கள் எதுவும் என்னை வந்து சேரவில்லை. இப்போது மொத்தமாகப் பெற்றுக்கொண்டேன்.

மற்றதை ஈவாதான் சொல்ல வேண்டும். அவளுடைய கடிதத்தை அவளையே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டர் அன்னம்மா


கொடைரோடு
25 செப்டம்பர் 2025

ரோனி, டேய்,

முதலில் மன்னித்துவிடு. உனக்கு நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்தேன். சிஸ்டரிடம் நேரில் சொல்லாத ஒன்றை அவர் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்வது சரியில்லை என்று தோன்றியது. நேரில் சொல்ல தைரியமும் வரவில்லை. உன் கடிதம் வந்ததும் சிஸ்டர் கூப்பிட்டார். "ஏம்மா, நான் கடுதாசி படிக்கிறேன்னா ரெண்டு பேரும் நெனச்சிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கும்போதே அழுகை. அப்படியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உனக்கும் சொல்கிறேன். நீங்கள் நினைத்தது எல்லாம் தப்பு. இங்கே யாரும் என்னைப் படுத்தவில்லை. அந்தக் கடைசிக் காட்சியை நான் அழுதுகொண்டு எழுதவில்லையடா. திராட்சை கழுவும் மேசையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு எழுதினேன். தண்ணீர் ஏறும் இடத்தில் இரண்டாவது டபுள் பேஸும் இறங்கிவிடுகிறது பார், அதை எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. எழுந்து நின்று கை தட்டினேன். பசி எடுத்தது, நன்றாகச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அப்போது செப மணி அடித்தது. போக மனமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் சோதனை என்று நினைத்தேன். செபம் செய்து பார்த்தேன், உபவாசம் இருந்து பார்த்தேன். பலிபீடத்தின் முன்னால் முழந்தாளிட்டால் பிரெஞ்ச் ஹார்ன் எந்த இடத்தில் சேர வேண்டும் என்றுதான் மனம் ஓடுகிறது. இயேசுவை எனக்கு இப்போதும் அதே அளவு பிடிக்கும். ஆனால் நான் காத்திருந்தது உன் உறைக்கு.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "வார்த்தைப்பாடு குடுத்த பிறகு சொல்லாம குடுக்கிறதுக்கு முன்னால சொன்னியே. இதுக்குத்தானே நவகன்னி வருஷம்னு ஒண்ணு இருக்கு" என்றார். டிசம்பரில் நான் வார்த்தைப்பாடு கொடுக்கப்போவதில்லை. நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வரலாம். வரவிடுவீர்களா என்பதுதான் தெரியவில்லை. அம்மா கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே. மடத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தால் பொறுத்துக்கொள்வேன், அம்மாவைப் பார்த்தால் தாங்க மாட்டேன்.

நீ அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. இதை அப்படியே அம்மா கையில் கொடு. அவரே படிக்கட்டும்.

விளையாட்டில் என் பெயரைப் போடு. ஈவா லாசரஸ் என்று முழுப்பெயர்.

அக்கா


புக்கிட் பாஞ்சாங்
2 நவம்பர் 2025

அன்பு மகள் ஈவாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்து மூன்று வாரமாகிறது. உடனே எழுதியிருப்பேன், ஆனால் கோயிலில் முதலில் சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். அதற்கு எனக்கு மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. இரண்டு ஞாயிறு வாய் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இன்று பூசை முடிந்து எல்லோரும் படிக்கட்டில் நிற்கும்போது நானே சொன்னேன். "எங்க ஈவா வார்த்தைப்பாடு குடுக்கல. வீட்டுக்கு வர்றா." மங்களம், "ஐயோ பாவம், என்னாச்சு?" என்றாள். "பாவம் எதுக்கு? நல்லா இருக்கா, வர்றா" என்றேன். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோயில் இருக்கும் ஓஃபிர் ரோட்டிலிருந்து தேக்கா வரைக்கும் அப்பாவோடு நடந்தே போனோம். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

அந்த இசை உன்னுடையது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ரோனிக்கு ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போக அவ்வளவு பொறுமை கிடையாது. பிள்ளை அங்கே என்ன பாடுபடுகிறதோ என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமாக எழுதினாய் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. அவனுடைய விளையாட்டு நேற்று வெளியே வந்ததாம், வீட்டில் ஒரே கூச்சல். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உன் பெயர் வரும்வரை திரையைப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை போடச் சொன்னார்.

இனி நான் சொல்லவேண்டியது. நீ போன நாளிலிருந்து உனக்காகத் தினமும் செபமாலை சொன்னேன், நீ கேட்டுக்கொண்டபடி, நீ நிலைத்திருக்க வேண்டும் என்று. எனக்காக ஒரு நாளும் எதையும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தால் உன்னைத்தான் திருப்பிக் கேட்டிருப்பேன். ஆண்டவருக்குக் கொடுத்ததைப் பிடுங்குவது போல் ஆகிவிடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் கேட்கவே இல்லை, அவராகவே தருகிறார். சீக்கிரம் வாம்மா.

உன் அம்மா,
அந்தோனியம்மாள்